வேலிக்குள் புளிக்கும் மண்

மார்ச் 4

மூன்றாம் வேலி, மேல்மண்: 5.9.

நம்பவில்லை. மின்முனையைக் கழுவினேன், துடைத்தேன், கருவியை மறுபடி சரிபார்த்தேன். பத்து கிராம் மண், இருபத்தைந்து மில்லி காய்ச்சி வடித்த நீர், கண்ணாடிக் குச்சியால் கலக்கி அரை மணி நேரக் காத்திருப்பு. 5.9.

போன செப்டம்பரில் இதே மண் 5.3. ஆறு மாதத்தில் இவ்வளவு ஏறுமா? மண் அவ்வளவு சீக்கிரம் மனம் மாறுகிற பொருள் இல்லை.

ஆய்வக உதவியாளர் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். துறையில் அவருக்குப் ‘பத்து கிராம்’ என்று பெயர். தராசில் 10.00 வரும்வரை மூச்சு விடமாட்டார். “என்னம்மா, மண்ணுக்கு உடம்பு தேறிடுச்சா?” என்றார். சிரித்து வைத்தேன்.

தேறக் கூடாது. அதுதான் விஷயம்.

மார்ச் 5

எழுதினால் தெளியும் என்று நினைக்கிறேன். எழுதிப் பார்க்கிறேன்.

மேய்ச்சல் வெளியில் ஆறு வேலிகள். ஒவ்வொன்றும் முப்பதடிக்கு முப்பதடி. ஒன்பது வருடத்துக்கு முன்பு என் ஆய்வு நெறியாளர் போட்டவை. உள்ளே எந்த வாயும் மேயாது. வெளியே வழக்கம்போல ஆடும் மாடும் மேயும். உள்ளே ஒரு பிடி, வெளியே ஒரு பிடி எடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளப்பதுதான் வேலை. மற்றவர்கள் கையிலிருந்து என் கைக்கு வந்து இது நான்காம் வருடம்.

அளப்பது பி.எச். ஏழு என்றால் நடுநிலை. எண் இறங்க இறங்க மண் புளிக்கிறது என்று அர்த்தம். வேலி போட்ட அன்று உள்ளேயும் வெளியேயும் 6.2. வெளியே இன்றும் ஏறக்குறைய அதே 6.2. உள்ளே வருடா வருடம் இறங்கி, செப்டம்பரில் ஆறு வேலியும் ஐந்தரையைச் சுற்றி நின்றன. மேயாத புல் தன்மேலேயே சாய்ந்து மட்குகிறது. வேர் அடர்ந்து மண்ணின் சுண்ணத்தை உறிஞ்சுகிறது. சாணமாகவும் மூத்திரமாகவும் திரும்பி வர வேண்டியது வரவில்லை. இது என் ஊகம். ஊகம் தப்பாக இருக்கலாம். எண்கள் தப்பில்லை.

மே மாதம் மேய்ச்சல் குழு கூடுகிறது. கேள்வி ஒன்றே ஒன்று: ஊற்றுச் சரிவு முழுவதையும் வேலிக்குள் கொண்டுவரலாமா? கோடையில் தண்ணீர் நிற்கிற ஒரே மேய்ச்சல் அது. நாற்பது வீட்டு ஆடுகள் அங்கே குடிக்கின்றன. அதில் முப்பத்தெட்டு என் அப்பாவுடையவை.

வேலி மண்ணைக் கெடுக்கிறது என்று என் அறிக்கை சொன்னால், சரிவுக்கு வேலி வராது. மூன்று வருடமாக இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, அப்பாவிடம்கூட. முடிவு வரும்முன் நம்பிக்கை கொடுத்து, பிறகு அதைப் பிடுங்க வேண்டி வந்தால்? அதனால் மறைத்தேன். மண் மோசமாகிறது என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன், நல்ல சேதியைக் கெட்ட சேதியின் முகத்தோடு.

மார்ச் 6

நான்காம் வேலி: 5.8. ஆறாம் வேலி: 6.0.

ஒன்று, இரண்டு, ஐந்து, இந்த மூன்று வேலியும் அப்படியே. 5.4, 5.5, 5.4.

மார்ச் 9

வீட்டுக்குப் பேசினேன். வழக்கம்போல அம்மாவே முக்கால்வாசிப் பேசினாள். அக்காவின் குழந்தைக்குப் பல் முளைத்தது, பக்கத்து வீட்டு நாய் காணாமல் போய்த் திரும்பி வந்தது, அப்பாவின் கிறுக்கு முற்றிவிட்டது. அடுப்புச் சாம்பலை ஒரு பிடி கொட்ட விடுவதில்லையாம். சலித்து மூட்டை கட்டி ஆட்டுக்கொட்டகையில் அடுக்குகிறாராம். “கேட்டா வாயைத் தொறக்க மாட்டேங்கறாரு. ஆட்டுக்கிட்ட மட்டும் மணிக்கணக்கா பேசத் தெரியும். நான் நாலு காலோட பொறந்திருக்கணும்.”

அப்பா போனை வாங்கி எப்போதும் கேட்கிற அதே கேள்வியைக் கேட்டார்.

“மண்ணு எப்படிம்மா இருக்கு?”

மூன்று இடத்தில் ஏறியிருக்கிறது, ஏன் என்று புரியவில்லை என்றேன். மறுமுனையில் ஒரு சின்ன மூச்சு. சந்தோஷ மூச்சு. “பார்த்தியா” என்றார்.

என்ன பார்த்தேன்? கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

மார்ச் 12

நெறியாளரின் அறை. மேசையில் என் ஆறு எண்கள். பென்சிலால் ஒரு கோடு வரைந்தார். ஒன்பது வருடம் இறங்கி, கடைசியில் மெல்ல மேலே வளைகிற கோடு.

அவர் கெட்டவர் இல்லை. தன் கல்யாணத்துக்கு மறுவாரம் கம்பம் நட ஆள் கிடைக்காமல் தானே குழி வெட்டியவர். அந்த வேலிகள் அவருடைய ஒன்பது வருடம். இறங்குகிற எண்களைப் பார்க்கும்போதெல்லாம் அவர் முகம் சுருங்குவதை நான் பார்த்திருக்கிறேன். இன்று சுருங்கவில்லை.

முதலில் புளித்து, பிறகு மண் தன்னைத் தானே சரிசெய்துகொள்கிறது என்றார். மூன்று வேலி முந்திக்கொண்டது, மற்ற மூன்றும் பின்னால் வரும். அறிக்கையில் இதற்கு ஒரு சொல் வேண்டும். யோசித்து அவரே எழுதினார்: மீட்சி.

மார்ச் 13

மீட்சி. மீட்சி. பத்து தடவை எழுதிப் பார்த்தேன். அழகான சொல். மண்ணில் இல்லாத சொல்.

மார்ச் 20

மூன்று, நான்கு, ஆறு. இந்த மூன்றுக்கும் பொதுவாக என்ன இருக்கிறது?

சாய்வா? மூன்று மேட்டில், ஆறு பள்ளத்தில். நிழலா? எங்கும் மரமில்லை. மழைக் கணக்கு, புல்வகை, பழைய பாதைகள் என்று எல்லாவற்றையும் வரைபடத்தில் வைத்துப் பார்த்துவிட்டேன். ஒன்றும் ஒட்டவில்லை. மூன்று, நான்கு, ஆறு. இந்த வரிசையை எங்கேயோ உரக்கச் சொன்ன ஞாபகம். எங்கே?

ஏப்ரல் 2

பேருந்தில் எழுதுகிறேன். ஊருக்குப் போகிற பேருந்து.

காலையில் மூன்றாம் வேலிக்குப் போனேன். சொல்லாமல் போனேன், வீட்டுக்கும் துறைக்கும். புல் இடுப்புயரம். உள்ளே மண்டியிட்டு அடிப்புல்லை விரலால் விலக்கினேன். சாம்பல் நிறப் பொடி. சுண்டுவிரல் நகமளவு ஒரு கரித்துண்டு. காட்டுத்தீ வந்த தடயம் எங்கும் இல்லை.

வடக்கு மூலைக் கம்பத்தில் கீழ்க்கம்பியை யாரோ அவிழ்த்து மறுபடி கட்டியிருக்கிறார்கள். அதற்கு மேல்கம்பியின் முள்ளில் ஒரு கொத்து ஆட்டு ரோமம்.

கட்டுக்கம்பியைப் பார்த்தேன். ஒப்பந்தக்காரரின் ஆட்கள் வலப்பக்கமாக முறுக்கி, நுனியை நீட்டியபடி வெட்டிவிடுவார்கள். எத்தனையோ தடவை என் சட்டையைக் கிழித்த நுனிகள். இது இடப்பக்க முறுக்கு. நுனி உள்ளே மடங்கி, யாரையும் கிழிக்காமல்.

எங்கள் வீட்டுத் துணிக்கொடி அப்படித்தான் கட்டப்பட்டிருக்கும். கட்டிலின் ஆடுகிற கால். என் பள்ளிப்பெட்டியின் அறுந்த பிடி. அப்பாவுக்கு இடக்கை.

நான்காம் வேலியும் ஆறாம் வேலியும் போய்ப் பார்த்தேன். பார்க்காமலே தெரிந்திருந்தது.

எங்கே சொன்னேன் என்று இப்போது ஞாபகம் வந்துவிட்டது. அக்டோபரில், எங்கள் வீட்டில், சாப்பாட்டின் நடுவே.

ஏப்ரல் 3

நேற்று நடந்தது. முழுவதும் எழுத வேண்டும், ஒரு வார்த்தை நழுவாமல்.

ஆட்டுக்கொட்டகை வாசலில் அப்பா ஓர் ஆட்டைத் தொடையிடுக்கில் பிடித்து வைத்துக் குளம்பைச் சீவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. பையை இறக்கவில்லை நான். மூணாவது வேலிக்குள்ள ஆடு போச்சாப்பா என்று கேட்டேன்.

“தேறிடுச்சு இல்ல?” என்றார். கண் குளம்பில்.

பிறகு அவரே சொன்னார், மறைக்கிற எண்ணமே இல்லாமல். அக்டோபரில் நான் விடுதிக்குத் திரும்பிய மறுநாளே ஆரம்பித்திருக்கிறார். வேலிக்கு நாலு ராத்திரி ஆடுகளை உள்ளே அடைத்துக் கிடை போட்டிருக்கிறார். விடிந்ததும் ஆடுகளை வெளியேற்றி, புழுக்கையோடு சலித்த சாம்பலைத் தூவி, முள்வாரியால் கிளறி, கம்பியைக் கட்டிவிட்டு வந்திருக்கிறார். அடுத்த வாரம் மழை. புல் எழும்பி எல்லாவற்றையும் மூடிவிட்டது. ஊரில் யாரையும் துணைக்குச் சேர்க்கவில்லை. நான் மண் எடுக்க வரும் மாதங்கள் அவருக்குத் தெரியும். சொன்னதும் நான்தான்.

“புளிச்ச மண்ணுக்குச் சாம்பல் போடணும்னு உங்க பெரிய காலேஜுல சொல்லித் தரலையா? ஒன்பது வருஷமா அளந்துக்கிட்டே இருக்கீங்க. காய்ச்சல்காரனுக்கு மருந்து கொடுக்காம ஜுரம் மட்டும் பார்த்துக்கிட்டு இருக்கிற மாதிரி.”

ஏன்பா என்றேன்.

“நீதானே மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு சொன்னே. மூணு, நாலு, ஆறு, ரொம்ப மோசமா போயிட்டிருக்குன்னு. மண்ணு கெட்டா உன்னை ஃபெயில் பண்ணிடுவாங்கன்னு நெனச்சேம்மா.”

அம்மா சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள். போன வாரந்தான் எனக்கே தெரிஞ்சுது, அவகிட்ட சொல்லிட்டுச் செய்யுங்கன்னு தலையால தண்ணி குடிச்சேன், கேட்டா அவ வேண்டாம்னுதான் சொல்லுவான்னு வாயை அடைச்சுட்டாரு என்று. கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தேன். பதினொரு மூட்டை. மிச்சமிருக்கிற மூன்று வேலிக்கு.

அப்போதுதான் சொன்னேன், மூன்று வருடம் கழித்து. புளிப்புதான் என் முடிவு என்று. அந்த எண் இறங்கினால்தான் சரிவு திறந்திருக்கும் என்று. எழுதிக் காட்டினேன், தரையில் குச்சியால்.

அவர் அடுத்த குளம்பை எடுத்தார். பாதி சீவி நிறுத்தினார்.

“அப்போ புளிச்சாத்தான் நமக்கு நல்லதா?”

ஆமாம்பா.

ஆடு காலை உதறிக்கொண்டது. அவர் விட்டுவிட்டார்.

“அதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா.”

ஏப்ரல் 4

சொல்லியிருக்கலாம்.

ஏப்ரல் 7

இதையே ஆதாரமாக்க முடியுமா என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். வேலிக்குள் ஆடு போனதும் புளிப்பு குறைந்தது! இதைவிட நேரடியான சோதனை யாரால் செய்திருக்க முடியும்? எல்லாரும் ஒன்பது வருடம் கைகட்டி நின்றபோது ஒரு மனிதர் பன்னிரண்டு ராத்திரியில் செய்து காட்டியிருக்கிறார்.

ஆனால் சாம்பல். ஏறியது புழுக்கையாலா, சாம்பலாலா? மண் சொல்லாது. ஆடு மட்டும் போயிருந்தால்கூட ஏதாவது எழுதியிருப்பேன். எனக்காகக் கொஞ்சம் அதிகமாகவே செய்துவிட்டார்.

ஏப்ரல் 9

நெறியாளரிடம் மூன்று, நான்கு, ஆறை விட்டுவிடலாமா என்று கேட்டேன். காரணம் கேட்டார். சந்தேகமாக இருக்கிறது என்றேன்.

“சந்தேகம் காரணம் இல்லம்மா. அது ஒரு மனநிலை. காரணம் இருந்தா எழுதிக் கொடு.”

இருக்கிறது. அதன் பெயர் அப்பா.

ஆடு மேய்க்க அப்பாவுக்கு இருக்கிற அனுமதி, மேய்ச்சல் அட்டை. அதன் பின்பக்கம் எனக்கு மனப்பாடம். குழந்தையில் அதை வைத்துத்தான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஐந்தாவது விதி: வேலியைச் சேதப்படுத்துபவரின் அட்டை நிரந்தரமாக ரத்து செய்யப்படும்.

ஏப்ரல் 10

வாயை மூடிக்கொண்டால்: மீட்சி. சரிவுக்கு வேலி. நாற்பது வீட்டுக்கும் தண்ணீர் இல்லாமல் போகும். அப்பாவுக்கும்தான்.

வாயைத் திறந்தால்: அப்பாவின் அட்டை போகும். தொடப்படாத மூன்று வேலி மிஞ்சும். 5.4, 5.5, 5.4. அவை உண்மையைச் சொல்லும். சரிவு பிழைக்கும்.

எப்படி மடித்தாலும் அப்பா மட்டும் எங்குமே மிஞ்சவில்லை.

ஏப்ரல் 13

ஒன்றும் எழுதவில்லை. ஒன்றும் அளக்கவில்லை. ‘பத்து கிராம்’ ஒரு தம்ளர் டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். சாயங்காலம் அதே தம்ளரை முழுசாக எடுத்துப் போனார்.

ஏப்ரல் 19

அப்பா வந்திருந்தார். முதல் பேருந்தில் வந்து, என் விடுதி வாசலில் காவலாளியோடு ஆடுகளின் கண்ணோய் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை. கையில் அட்டை, பிளாஸ்டிக் உறையில்.

பூங்கா பெஞ்சில் உட்கார்ந்தோம். யோசித்துவிட்டாராம். நாற்பது வீட்டுக்குத் தண்ணீர் நிலைக்கும் என்றால் ஓர் அட்டை போகட்டும் என்றார். சொன்ன விதம் — பேருந்தில் ஒருவருக்கு இடம் விடுகிற மாதிரி. நான் வேண்டாம் என்று சொன்னேன். எத்தனை தடவை சொன்னேன்? இரண்டு. இரண்டுக்கு மேல் சொல்லவில்லை. இதை நான் மறக்கக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

கடிதத்தை நான்தான் எழுதினேன். அவருக்கு இந்த மாதிரி வாக்கியங்கள் வராது. ‘மேற்படி வேலிகளுக்குள்’, ‘எனது சொந்த விருப்பத்தின் பேரில்’. முடித்ததும் வாசிக்கச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஒரு வரி சேர்க்கச் சொன்னார்:

“என் பொண்ணுக்கு இது தெரியாதுன்னு போடு.”

போட்டேன். என் கையெழுத்தில், எனக்கு எதுவும் தெரியாது என்று.

ஏப்ரல் 22

நெறியாளர் கடிதத்தைப் படித்தார். மறுபடி படித்தார். பென்சிலால் வரைந்த அந்த வளைகோட்டை அழிக்க ஆரம்பித்தார், பாதியில் நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்த்தார்.

“எனக்கும் சந்தேகம் வந்திருக்கணும்” என்றார். அவ்வளவுதான். மூன்று வேலியை நீக்கி அறிக்கையைத் திருத்தச் சொன்னார்.

நிமிர்ந்து நடந்து வெளியே வந்தேன். வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், எனக்குப் பசித்தது. இரண்டு வாரத்துக்குப் பிறகு பசித்தது.

மே 6

கூட்டம்.

நீளமான மேசை, பச்சைத் துணி, ஆளுக்கொரு தண்ணீர்ப் பாட்டில். மேய்ச்சல் அதிகாரி கடிதத்தை உரக்க வாசித்தார். ஏளனம் இல்லை, கோபமும் இல்லை. ‘மேற்படி’ என்ற இடத்தில் லேசாக என்னைப் பார்த்தார். அப்பா பின்வரிசையில், இரண்டு கையும் முழங்காலில்.

நான் என் மூன்று வேலியைப் பற்றிப் பேசினேன். பத்து நிமிடம். நன்றாகவே பேசினேன். உள்ளே இறங்கியது, வெளியே இறங்கவில்லை, சரிவுக்கு வேலி போட்டால் இதுவேதான் அங்கும் நடக்கும்.

அதிகாரி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“இந்த மூணு வேலியிலயும் ஒன்பது வருஷமா யாரும் கை வைக்கலைன்னு உங்களால உறுதியா சொல்ல முடியுமா?”

ஆம் என்று சொல்லியிருக்கலாம். ஒரே எழுத்துப் போல ஒரு சொல். அறை முழுவதும் அதற்காகக் காத்திருந்தது. நெறியாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

மார்ச் மாதம் வரை மற்ற மூன்றைப் பற்றியும் உறுதியாகத்தானே இருந்தேன்?

முடியாது என்றேன்.

அதற்குப் பிறகு கால்மணி நேரம்கூட ஆகவில்லை. ஒன்பது வருட எண்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படாது. அதிகாரி பேனாவை மூடிக்கொண்டே, ஒத்துக்கொண்டவர் ஒருத்தர், ஒத்துக்கொள்ளாதவர் எத்தனையோ என்றார். வேலி உடைகிறது என்றால் வேலி பத்தவில்லை என்று அர்த்தம் என்றார். ஊற்றுச் சரிவு முழுவதும் அடைக்கப்படும். கான்கிரீட் கம்பம், ஆளுயர வலை. அப்பாவின் அட்டையை வாங்கிக்கொண்டார்கள். பிளாஸ்டிக் உறையைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

வெளியே வந்து அந்த உறையை என்ன செய்வது என்று தெரியாமல் அப்பா கையிலேயே வைத்திருந்தார். பேருந்து வந்ததும் அதில் பயணச்சீட்டைப் போட்டுக்கொண்டார்.

மே 7

முடியாது. முடியாது. முடியாது. எத்தனை சுலபமான சொல்.

மே 18

ஆடுகள் போய்விட்டன. அம்மா போனில் சொன்னாள். ஏற்றிக்கொண்டு போக வண்டி வந்தபோது அப்பா கொட்டகைப் பக்கமே வரவில்லையாம். வண்டிக்காரர் ஒவ்வொன்றாக இழுக்க முடியாமல் திண்டாடியபோதுதான் வந்து, முன் நடந்து, தானே பலகையில் ஏறினாராம். முப்பத்தெட்டும் பின்னாலேயே ஏறிவிட்டன. பிறகு இவர் மட்டும் இறங்கினார்.

ஜூன் 11

நாற்பது வீட்டில் யாரும் அப்பாவோடு பேசுவதில்லை. வேலியை உடைத்ததற்காக இல்லை. கம்பியை அவிழ்க்காதவர் அங்கே யார்? எழுதிக் கொடுத்ததற்காக. மகள் பட்டம் வாங்க ஊற்றை எழுதிக் கொடுத்துவிட்டார் என்று பேச்சு. அது அவர்களுக்குச் சரியாகப் பொருந்துகிறது. எனக்கே சில நேரம் பொருந்துகிறது.

அம்மா சொன்னாள்: “முன்னாடி ஆட்டுக்கிட்டயாவது பேசுவாரு. இப்போ என்கிட்ட பேசறாரு. என்னால தாங்க முடியல.” சிரிக்கத்தான் சொன்னாள். பாதியில் அவளுக்கே சிரிப்பு வரவில்லை.

ஜூலை 2

நெறியாளர் கூப்பிட்டார். ஆய்வுத் தலைப்பை மாற்ற வேண்டும், நான்கு வருடத்தை விட்டுவிட வேண்டும். புதிய வேலிக்கு மண் கண்காணிப்பு அவரிடமே வந்திருக்கிறது. முதல் நாளிலிருந்து, இந்த முறை பூட்டும் கேமராவும் வைத்து. “உன்னைவிட இதை நல்லா அளக்கிற ஆள் எனக்குத் தெரியாது” என்றார். பாராட்டாகத்தான் சொன்னார்.

ஒரு வாரம் அவகாசம் கேட்டேன்.

ஜூலை 3

ஒரு வாரம் தேவைப்படவில்லை. வேறு எதுவும் எனக்குத் தெரியாது.

ஆகஸ்ட் 15

வாடகைக்கு இரண்டு அறை எடுத்தேன், மாடியில். அம்மாவும் அப்பாவும் வந்துவிட்டார்கள். அம்மாவுக்கு ஒரே நாளில் இரண்டு சிநேகிதிகள். அப்பா ஜன்னல் ஓர நாற்காலியில் உட்கார்ந்து தெருவைப் பார்க்கிறார். போகிற வருகிறவர்களை எண்ணுகிறாரோ என்று தோன்றுகிறது, கொட்டகைக்குத் திரும்புகிறவற்றை எண்ணுவது போல. கேட்கவில்லை.

இங்கே எரிவாயு அடுப்பு. பாத்திரம் தேய்க்கச் சாம்பலில்லை என்று அம்மா வாய் தவறிச் சொன்னாள். மூன்று பேரும் கொஞ்ச நேரம் வேறு எதையோ பார்த்தோம்.

செப்டம்பர் 6

மொட்டைமாடியில் துணிக்கொடி தொய்ந்திருந்தது. இன்று பார்த்தேன், விறைப்பாக நிற்கிறது. இடப்பக்க முறுக்கு. நுனி உள்ளே மடங்கி.

செப்டம்பர் 29

ஊற்றுச் சரிவு, வேலி போட்டபின் எடுத்த முதல் மண்.

காவலாளி பூட்டைத் திறந்து, நான் உள்ளே போனதும் பின்னால் பூட்டினார். விதி அப்படி. ஊற்றைச் சுற்றி இன்னும் குளம்படிகள், காய்ந்து விளிம்பு கூர்மையாக. ஒரு மழையில் போய்விடும். பதினெட்டு இடத்தில் மண் எடுத்தேன். வலைக்கு வெளியே தூரத்தில் யாரோ ஒருவரின் ஆடுகள் தண்ணீர் வாசனைக்கு வலையோரமாகவே நடந்துகொண்டிருந்தன, மூலைவரை போய், திரும்பி.

அக்டோபர் 1

‘பத்து கிராம்’ நிறுத்துக் கொடுத்தார். 10.00. நான் கலக்கினேன். அரை மணி நேரம்.

ஊற்றுச் சரிவு, உள்ளே: 6.2. வெளியே: 6.2.

புதுக் குறிப்பேட்டின் முதல் வரி. ‘எப்போ இறங்க ஆரம்பிக்கும்?’ என்று அவர் கேட்டார். மூன்று வருடத்தில் தெரியும் என்றேன். அதற்குள் தான் ஓய்வு பெற்றுவிடுவேன் என்றார், ஏதோ தப்பித்துவிட்டவர் போல.

வீட்டுக்கு வந்தபோது அப்பா ஜன்னல் ஓரத்தில். செருப்பைக் கழற்றினேன். பையை மாட்டினேன். கைகழுவினேன். நகத்தடியில் சரிவின் மண் இன்னும் இருந்தது.

ஏப்ரலுக்குப் பிறகு அவர் அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. இன்று தெருவைப் பார்த்தபடியே கேட்டார்.

“மண்ணு எப்படிம்மா இருக்கு?”

நல்லா இருக்குப்பா, ஆறு புள்ளி இரண்டு என்றேன்.

சட்டென்று திரும்பினார். இரண்டு கையையும் முழங்காலிலிருந்து எடுத்து என் பக்கம் விரித்துக் காட்டினார்.

“நான் ஒண்ணும் தொடலைம்மா.”